கைப்பேசி காட்டும் புதையல்

விடுமுறையில் குழந்தைகளோடு புதையல் தேடலாமா?

2000 மே மாதம், ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. இடத்தைத் துல்லியமாக அறிய முடிந்ததும், உடனே ஆரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் ஒரு வாளியைக் காட்டோரம் மறைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். இப்படித்தான் ஜியோகேச்சிங் என்னும் புதையல் தேடும் விளையாட்டு பிறந்தது.

புனேயில் இருப்பவர்கள் வேதாள் டேகடி, பர்வதி குன்று, சிங்ககட் கோட்டை என்று கிளம்புமுன், ஜியோகேச்சிங் செயலியில் அருகே மறைத்து வைத்த பெட்டி ஏதும் உண்டா என்று பாருங்கள். கிடைத்தால், உள்ளே சுருட்டி வைத்த தாளில் பெயரும் தேதியும் எழுதுங்கள். பொம்மை ஒன்றை எடுத்தால், ஈடாக ஒன்றை வையுங்கள். தின்பண்டம் வைத்தால் எறும்பு மொய்க்கும், வேண்டாம். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். தேடும் ஆர்வத்தில் கோட்டைக் கல்லைப் பெயர்க்காதீர்கள். மழைக்காலத்தில் பாறை வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள்!