சீனியர் சொன்ன விதி உங்களுக்குப் பொருந்துமா?

குன்னத்திலிருந்து ஒருவர் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பதிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தேகம் வந்தால் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் சீனியரைப் போனில் பிடிக்க வேண்டும். சீனியரும் அக்கறையோடுதான் சொல்வார். ஆனால் அவர் சொல்வது அவர் சேர்ந்த ஆண்டின் விதி. ஆய்வு மாணவர் கையேடு ஒன்று ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பல்கலைக்கழக மானியக் குழு பிஎச்.டி. விதிகளை 2009, 2016, 2022 என மூன்று முறை வெளியிட்டிருக்கிறது. கடைசியாக வந்தது 2022 நவம்பர் 7 அன்று. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிகளே தொடரும். அதனால் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, எந்தத் தேதியிலிருந்து பதிவு செய்தவர்களுக்கு இது பொருந்தும் என்று அச்சிட வேண்டும். எடுத்துக்காட்டாக, 2016 விதிப்படி ஆய்வேடு கொடுப்பதற்கு முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும். 2022 விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு பல்கலைக்கழகம் தன்னளவில் அதைக் கேட்கலாம். கையேடு இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் போலி இதழ்களிடம் மாணவர்கள் போய் மாட்டிக்கொள்வார்கள்.

பெண்களுக்கான பக்கத்தை மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டும். 2022 விதிப்படி ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள்வரை பெண்கள் எடுக்கலாம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண், உரிய நிபந்தனைகளோடு, தன் ஆய்வுத் தரவுகளை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் விதியில் இடமிருக்கிறது. இது தெரியாமல் படிப்பையே விட்டுவிடும் நிலை ஒருத்திக்குக்கூட வரக்கூடாது. விதியை மட்டும் அச்சிட்டால் போதாது. யாருக்கு விண்ணப்பிப்பது, கைடு கையெழுத்துக்குப் பிறகு தாள் எந்த செக்‌ஷனுக்குப் போகும் என்பதையும் எழுத வேண்டும்.

கைடு ஓய்வு பெற்றால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். பணி ஓய்வுக்கு 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் மாணவர்களுக்கு அவர் ஓய்வுக்குப் பின், 70 வயதுவரை, இணை நெறியாளராக இருக்கலாம்.

தயாரிக்கும் வேலையைப் பேராசிரியர் ஒருவரிடம் மட்டும் விடக்கூடாது. அண்மையில் வைவா முடித்த ஒருவரும், ஆய்வுப் பிரிவு எழுத்தரும் கூட உட்கார வேண்டும். தாள் எங்கே தேங்குகிறது என்பது எழுத்தருக்குத்தான் தெரியும். விளக்கம் தமிழில் இருக்கட்டும். பக்கத்திலேயே மூல விதியின் எண்ணைப் போடுங்கள். அலுவலகத்தில் வாதாட அந்த எண்தான் உதவும். அடிக்கடி மாறும் கட்டணத் தொகைகளைக் கையேட்டில் சேர்க்க வேண்டாம். அன்றைய சுற்றறிக்கையைப் பார்க்கச் சொன்னால் போதும்.

ஆண்டுக்கொரு முறை திருத்தி, மாறியவற்றை முன்பக்கத்தில் தனியாகக் காட்ட வேண்டும். பழைய பதிப்பைத் தூக்கி எறியாதீர்கள். 2021-ல் பதிவு செய்த மாணவர் ஆய்வேடு கொடுத்து முடிக்கும்வரை அவருக்கு அந்தப் பதிப்புதான் வேண்டும்.