சட்டை உரிக்கும் கார்!

பாம்பு சட்டை உரிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார் சட்டை உரிப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா?

கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றின் மேல் ஒரு மெல்லிய சட்டை இருக்கிறது. எட்ட நின்று பார்த்தால் தெரியாது; கிட்ட வந்து பார்த்தாலும் எளிதில் புலப்படாது. கண்ணாடி போன்ற அந்தச் சட்டைக்கு வயதாகிவிட்டால், அதைக் கழற்றியே தீர வேண்டும். பாம்பு எங்கேயாவது கரடுமுரடான இடத்தில் உராய்ந்து தன் சட்டையைத் தானே கழற்றிக் கொண்டுவிடும். பாவம், காரினால் அது முடியாது. மனிதர்தான் கழற்றிவிட வேண்டும். அதில் கொஞ்சம் அவசரப்பட்டால் போதும். சட்டையோடு தோலும் சேர்ந்து வந்துவிடும்!

சட்டை எதற்கு?

ஸ்போர்ட்ஸ் கார் என்பது தரையோடு தரையாகத் தாழ்ந்து, அதிவேகமாக ஓடும் வண்டி. சாலையில் முன்னால் போகும் வண்டியின் சக்கரம் வாரி எறியும் பொடிக் கற்கள் அதன் மூக்கிலேயே வந்து அடிக்கும். ஒவ்வொரு கல்லும் பளபளக்கும் பெயிண்டில் ஓர் அம்மைத் தழும்பை விட்டுப் போகும்.

ஜெர்மனியில் தயாராகும் போர்ஷே 911 காரையே எடுத்துக் கொள்ளுங்களேன். 1963-ல் முதன் முதலாகக் காட்சிக்கு வந்து, இன்றும் விற்பனையாகிற புகழ் பெற்ற கார் அது. இஞ்சின் பின்பக்கம் இருக்கிறது. பின் சக்கரங்கள் அகலமானவை. ஆகவே பின் மட்கார்டுகள் இடுப்பில் குடம் வைத்தாற்போல் வெளியே பிதுங்கி நிற்கும். முன் சக்கரம் கிளப்பும் கல் நேரே அங்கே போய்த்தான் மோதும். 1975-ல் விற்பனைக்கு வந்த 911 டர்போவில், அந்த இடத்தில் ஒரு கறுப்புக் காப்பைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பினார்கள். பிற்பாடு வந்த 911 கார்களில் அதே இடத்தில் நிறமற்ற படலத்தை ஒட்டினார்கள். பின்னர், 'மட்கார்டுக்கு மட்டும்தானா? மூக்குக்கும் வேண்டாமா?' என்று சொந்தக்காரர்கள் பானெட், பம்பர், கதவு என்று வண்டி முழுவதற்குமே சட்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்தச் சட்டையின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. 1960-களில், வியட்நாம் யுத்தத்தின்போது, ஹெலிகாப்டர்களின் சுழலும் இறக்கைகள் மணலும் கல்லும் பட்டு வெகு சீக்கிரம் சேதமாயின. அவற்றைக் காப்பதற்காக அமெரிக்காவின் 3எம் கம்பெனி பாலியுரிதேன் என்ற பிளாஸ்டிக்கில் ஓர் ஒட்டுப் படலம் தயாரித்துக் கொடுத்தது. ரப்பரைப் போல் இழுபடும். கல் பட்டால் கிழியாமல் அடியைத் தாங்கிக் கொள்ளும். போர்க்களத்திலிருந்து பந்தயக் களத்துக்கும், அங்கிருந்து வீதிக்கும் அது வந்து சேர்ந்தது.

இதன் கனம் சுமார் 150 முதல் 200 மைக்ரான். மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் மைக்ரான். தொழிற்சாலையில் காருக்குப் பூசும் பெயிண்டோ, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேலே பளபளப்பு தரும் பூச்சு எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். உடம்பின் தோலைவிடச் சட்டை தடிமன் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

வேலியே பயிரை மேய்ந்தால்?

எந்தக் காவலுக்கும் ஒரு தவணை உண்டு. இந்தப் படலத்துக்குத் தவணை சுமார் ஐந்து வருஷம்; நல்ல தரமானதாக இருந்தால் பத்து வருஷம். அதன் பிறகு வெயில் தன் வேலையைக் காட்டும். வெள்ளைக் கார் மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் ஆகும். ஓரங்களில் அழுக்கு ஏறிக் கறுப்புக் கோடு விழும். படலத்தின் முகத்தில், வற்றிய குளத்துச் சேறு மாதிரி வெடிப்புகள் ஓடும்.

வெளியே தெரிவது இவ்வளவுதான். உள்ளே நடப்பது இதைவிட மோசம். படலம் இழுபடும் தன்மையை இழந்து நொறுங்கத் தொடங்குகிறது. பசையோ நாளுக்கு நாள் பெயிண்டை இறுகப் பற்றிக் கொள்கிறது. காலத்தில் எடுத்திருந்தால் ஒரே விரிப்பாக உரிந்து வந்திருக்கக் கூடியது, இப்போது நகத்தளவு நகத்தளவாகப் பெயர்கிறது. ஒரு மணி நேர வேலை ஒரு முழுநாள் வேலையாகிறது. 'இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமே' என்று தள்ளிப் போடுகிறவர்கள், அந்த ஒரு வருஷத்துக்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

எவர்ஸில்வர் பாடம்

சரி, எப்படித்தான் உரிப்பது? இது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியாத வித்தையல்ல. புது எவர்ஸில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் லேபிளை என்ன செய்கிறீர்கள்? நகத்தால் சுரண்டினால் பாதி வரும், பாதி அப்படியே நிற்கும். அடுப்பில் லேசாகச் சூடு காட்டினால், சொன்ன பேச்சைக் கேட்டு முழுசாக உரிந்து வரும். மிச்சம் நிற்கும் பிசுக்கைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவீர்கள். கார் விஷயத்திலும் சூத்திரம் இதுவேதான்.

முதலில் சூடு. நீராவியாலோ, வெப்பக் காற்று வீசும் கருவியாலோ படலத்தை 60, 70 டிகிரி செல்ஸியஸ் வரை சூடாக்குகிறார்கள். ஒரே இடத்தில் காட்டாமல், இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நகர்த்துவதுபோல் நகர்த்திக் கொண்டே இருக்க வேண்டும். சூடு குறைந்தால் பசை விடாது. மிஞ்சினால் பசை குழைந்து பெயிண்டிலேயே தங்கிவிடும். படலமும் துவண்டு கிழியும். பிளாஸ்டிக் பம்பராக இருந்தால் அதுவே கோணிப் போகலாம்.

அடுத்தது இழுக்கும் விதம். ஓரத்தை நிமிண்டி எடுத்த பிறகு, நேர் மேலே வெடுக்கென்று இழுக்கக் கூடாது. வந்த வழியே மடித்து, உடம்போடு ஒட்டினாற்போல் தாழ்வாக, மெதுவாக இழுக்க வேண்டும். இந்தப் பசையின் குணம் விசித்திரமானது. மெதுவாக இழுத்தால் இளகிக் கொடுக்கும். வேகமாக இழுத்தால் விறைத்துக் கொள்ளும். நம் வீடுகளிலும் சிலர் அப்படி இருக்கிறார்கள் அல்லவா?

கடைசியில் மிச்சப் பசை. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் சேர்ந்த கரைப்பான்களும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். ஊற வைத்துத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேவையானால் பிளாஸ்டிக் கரண்டியால் தள்ளலாம். பிளேடு மட்டும் பக்கத்திலேயே வரக் கூடாது.

உள்ளே இருப்பது என்ன?

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் ஒரு கண்டம் பாக்கி இருக்கிறது. தொழிற்சாலையில் பூசிய பெயிண்ட் சுமார் 140 டிகிரிச் சூட்டில் வெந்து உறுதிப்பட்டது, லேசில் பெயராது. ஆனால் விபத்துக்குப் பிறகு பட்டறையில் பூசிய பெயிண்ட் சுமார் 60 டிகிரியில் உலர்த்தியதாக இருக்கும். அடியில் சரியாகத் தேய்க்காமல் பூசியிருந்தால், படலத்தோடு சேர்ந்து சீட்டு மாதிரி கிளம்பி வந்துவிடும். பழைய காரை வாங்கியவருக்கு, அதன் பூர்வ கதை அந்த நிமிஷத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும்!

ஆகவே அனுபவசாலிகள் உரிப்பதற்கு முன்பே கனம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். படலத்தின் கனத்தைக் கழித்த பிறகும் ஓரிடத்தில் மட்டும் அளவு இரட்டிப்பாக இருந்தால், மறுபூச்சு என்று அர்த்தம். அங்கே இன்னும் நிதானம் வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி பேசாது. அங்கே முதலில் ஒரு மூலையில் கொஞ்சம் உரித்துப் பார்த்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இவ்வளவு கவலை எதற்கு, பெயிண்ட் போனால் புதிதாகப் பூசிக் கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். பூசலாம்தான். ஆனால் இப்படிப்பட்ட கார்களுக்குப் பிறவிப் பெயிண்டுக்குத்தான் மதிப்பு. ஒரு முறை போனால், எத்தனை பணம் கொட்டினாலும் தொழிற்சாலையில் பூசிய அந்தப் பூச்சு திரும்பி வராது.

எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும், படலம் முடிந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிவதுண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் ஒரு வெளுத்த பட்டை தெரியுமே, அதே கதைதான். மூடியிருந்த இடம் வெயில் பார்க்கவில்லை. மூடாத இடம் பார்த்திருக்கிறது. நன்றாகப் பாலிஷ் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

மஞ்சளித்து, வெடித்து, தழும்பேறிய அந்தப் படலத்தைச் சுருட்டிக் குப்பையில் போடும்போது, அதன் மேல் விழுந்த அடிகளை ஒரு கணம் பார்க்கத்தான் வேண்டும். அத்தனையும் காருக்கு வந்தவை. அது வாங்கிக் கொண்டவை. உழைத்து ஓய்ந்த காவல்காரனுக்கு விடை கொடுக்கும்போது, கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது மரியாதையா? காலம் கடத்தாமல், கொஞ்சம் கதகதப்போடும் நிதானத்தோடும் அனுப்பி வைத்தால், அதுவும் சுகமாகப் போகும்; அடியில் இருக்கும் வர்ணமும் அன்று பூசியது போல் சிரிக்கும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?