பார்வைக்கு வெளியே கிடக்கும் படுக்கை

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. அரியலூர் அவற்றில் ஒன்று. மொத்தம் 1450 இடங்கள், ஏறத்தாழ 4000 கோடி ரூபாய், அதில் மத்திய அரசின் பங்கு 2145 கோடி என்கிற கணக்குகள் அன்று எல்லார் வாயிலும் புரண்டன. இடங்களைப் பற்றிப் பேசினோம், ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினோம், நீட் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் இந்தப் பணம் கண்ணுக்குத் தெரிகிற உருவமாக எதுவாக மாறி நிற்கிறதோ, அந்தக் கட்டடத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு வரி எழுதப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

'எல்லாமே பிரதிதான்' என்று முப்பது வருடமாகச் சொல்லிவருகிறோம். கோயில் பிரதி, சுவரொட்டி பிரதி, உடல் பிரதி. மருத்துவமனையின் தரைத்தள வரைபடத்தை மட்டும் யாரும் பிரதியாக விரித்துவைத்து வாசிக்கவில்லை. அது இன்ஜினியர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன் என்கிற முறையில் எனக்கு இது சாதாரண விடுபடலாகத் தோன்றவில்லை. சுவரை எங்கே எழுப்புவது, கதவை யாருக்காகத் திறப்பது என்பதெல்லாம் அதிகாரத்தின் வேலைதான். அது சிமெண்டில் நடக்கிறது என்பதால் விவாதத்துக்கு வராமல் தப்பித்துக்கொள்கிறது, அவ்வளவே.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். மருத்துவக் கல்லூரியை வடிவமைப்பவர் கட்டடக் கலைஞர் என்று நினைக்கிறோம். பெரும்பகுதியை வடிவமைப்பது விதிப்புத்தகம். முன்பு இந்திய மருத்துவ கவுன்சில், 2020 செப்டம்பரிலிருந்து தேசிய மருத்துவ ஆணையம். வருடத்துக்கு இத்தனை மாணவர் என்றால் இத்தனை படுக்கை, இத்தனை விரிவுரைக் கூடம், இத்தனை ஆய்வகம் என்று அது சொல்லிவிடும். வரைபடம் போடுகிறவன் அந்தப் பட்டியலைப் பெட்டி பெட்டியாக அடுக்குகிறான். 2020 அக்டோபரில் வந்த விதிகள் சில நல்ல காரியங்களைச் செய்தன என்பதை மறுக்க வேண்டாம். இத்தனை ஏக்கர் நிலம் இருந்தாக வேண்டும் என்ற பழைய நிபந்தனை போனது. துறைக்கொரு கூடம் என்று பூட்டிவைக்கும் வழக்கத்துக்குப் பதிலாகக் கற்பிக்கும் இடங்களைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னது. நோயாளி மேல் கை வைக்கும் முன் பொம்மை மேல் பழகிக்கொள்ளும் திறன் பயிற்சிக் கூடம் கட்டாயமானது. 150 மாணவர் வரைக்கும் அதற்கு 600 சதுர மீட்டர். மாணவர் போடும் முதல் ஊசி ஒரு ஏழையின் நரம்பில்தான் இறங்க வேண்டுமா என்கிற பழைய கேள்விக்கு அந்த 600 சதுர மீட்டர் ஒரு பதில். சொல்லப்போனால் சமீபத்திய விதிகளில் எனக்குப் பிடித்த ஒரே அறை அதுதான்.

2023 விதிகளின்படி 150 மாணவருக்கு 605 படுக்கைகள் வேண்டும். இந்தப் 'படுக்கை' என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அது இரண்டு கணக்குகளில் ஒரே நேரத்தில் எழுதப்படுகிறது. செந்துறைப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு அது நோய் தீரப் படுத்திருக்கும் இடம். கல்லூரிக்கு அது பாடப்பொருள். படுக்கை நிரம்பியிருந்தால்தான் அங்கீகாரம். நோயாளி இல்லாத கட்டில் என்பது புத்தகம் இல்லாத நூலக அலமாரி மாதிரி. ஆங்கில மருத்துவ மொழியில் நோயாளிகளைப் 'பாடத்துக்கான சரக்கு' என்று பொருள்படவே வெகுகாலம் எழுதினார்கள். இந்த இரட்டைக் கணக்கு தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளியைப் பார்க்காமல் மருத்துவம் படிக்க முடியாது. இரண்டு கணக்கும் மோதும் இடத்தில் சுவர் யார் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி.

படுக்கை ஓர் அலகு, மாணவர் ஓர் அலகு. கூட வந்தவர் அலகே அல்ல. நம் ஊரில் நோயாளி என்பவர் தனி ஆள் கிடையாது. குறைந்தது இரண்டு பேர், ஒரு கூடை, ஒரு தூக்குவாளி. மருந்து வாங்கி வருவது, ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போவது, மலம் மூத்திரம் எடுப்பது வரை கூட வந்தவர்தான் செய்கிறார். அரசு மருத்துவமனையின் பாதி உழைப்பு சம்பளப் பட்டியலில் இல்லாத இவர்களுடையது, பெரும்பாலும் பெண்களுடையது. ஒரு மருத்துவமனை வராந்தாவில் ஒரு கிழவி சொன்னது: "படுத்துக்கெடக்கற அவருக்குக் கட்டிலு குடுத்துட்டாங்க சாமி. நா எங்க ஒக்காருறதுன்னு யாரும் சொல்லல." வாசலுக்கு அப்பால் தனியாக ஒரு தங்குமிடம் கட்டிவைப்பதுண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளி தண்ணீர் கேட்டால் வாசலுக்கு அப்பாலிருந்து எப்படிக் காதில் விழும்? கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்க ஆறடி, வார்டின் கடைசியில் துணி அலச ஒரு கல், சோற்றைச் சூடுபண்ண ஒரு மேடை. இதை வரைவதற்கு ஐந்து நிமிஷம் ஆகாது.

இப்போது 'பார்வை'க்கு வருவோம். மருத்துவக் கல்வியின் கட்டடம் பார்வையைச் சுற்றி உருவானது. இத்தாலியின் பதுவா நகரில் 1590களில் கட்டப்பட்ட உடற்கூறு அரங்கில் நடுவே ஒரு பிணம், சுற்றிலும் செங்குத்தாக ஏறும் படிவரிசைகளில் நின்று குனிந்து பார்க்கும் மாணவர்கள். இன்றைய விரிவுரைக் கூடத்தின் சாய்தளப் படிகள் அந்தப் பிணத்தைப் பார்க்கப் போடப்பட்டவைதான். பிணம் போய்த் திரை வந்திருக்கிறது. 1963இல் வந்த நூலில் ஃபூக்கோ, நவீன மருத்துவமனை என்பதே ஒரு புதிய பார்க்கும் முறையின் பிறப்பு என்றார். அதன்பின் பெந்தாமின் வட்டச் சிறையை அவர் எடுத்து விளக்கியதும், நமக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை எல்லாமே கண்காணிப்புக் கோபுரங்களாகத் தெரியத் தொடங்கின.

இங்கேதான் நம்முடைய ஃபூக்கோ வாசிப்பு சறுக்குகிறது என்று நினைக்கிறேன். பெரம்பலூர், அரியலூர் போன்ற இடங்களில் அரசு வார்டில் கிடப்பவரின் துயரம் தொடர்ந்து கண்காணிக்கப்படுவது அல்ல. யார் கண்ணிலும் படாமல் கிடப்பது. குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து ரத்தம் மேலேறுவதை முதலில் பார்ப்பவர் பக்கத்துக் கட்டில்காரர். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதியபோது வலியுறுத்திய நீண்ட வார்டில், இரண்டு பக்கமும் எதிரெதிர் ஜன்னல்கள்; ஒரு செவிலியர் நின்ற இடத்திலிருந்தே எல்லாக் கட்டிலையும் பார்க்கலாம். அதில் ஒழுக்கத்தின் கெடுபிடி உண்டுதான். ஆனால் மூச்சு நின்றுபோகிறவனுக்குச் செவிலியரின் பார்வை அடக்குமுறை அல்ல.

இன்று வழக்கமாகப் போடப்படும் வரைபடம் வேறு. எந்த ஒரு கட்டடத்தையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அலுவலகங்களில் கைப்பழக்கமாகிவிட்ட வடிவத்தைச் சொல்கிறேன். நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள். ஒரே நடைபாதை இரண்டு வரிசைக்கு உழைப்பதால் செலவு குறைவு. ஆனால் செவிலியர் மேசையிலிருந்து பார்த்தால் தெரிவது கதவுகள் மட்டுமே. அதே வார்டில் காலை ஒன்பது மணிக்கு நிலைமை தலைகீழாகிவிடும். பேராசிரியரும் இருபது மாணவர்களும் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்க, ஒரு பெண்ணின் வயிறு பதுவா அரங்கின் மேசையாகிவிடுகிறது. வேண்டிய நேரத்தில் பார்க்கப்படாமலும், வேண்டாத விதத்தில் பார்க்கப்பட்டும் கிடப்பதுதான் இங்கே நோயாளியின் நிலை. வார்டை ஒட்டி ஒரு விளக்க அறை இருந்தால், கட்டிலருகில் நான்கு பேர் சோதித்துவிட்டு நோயைப் பற்றிய பேச்சை அங்கே போய் வைத்துக்கொள்ளலாம். அந்த அறை வரைபடத்தில் இருக்கும். வாழ்க்கையில் அது எப்படியோ ஸ்டோர் ரூமாகிவிடும், உடைந்த கட்டில்கள் போட.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். பெருவின் தலைநகர் லிமாவில் எட்டு மருத்துவமனைகளின் எழுபது அறைகளில் அளந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் கொண்ட, 1950க்கு முந்தைய பழைய வார்டுகளில் ஜன்னலைத் திறந்துவைத்தால் மணிக்கு நாற்பது தடவை காற்று மாறியது. புதிய கட்டடங்களில் பதினேழு. இயந்திரக் காற்றோட்டத்துக்குச் சொல்லப்படும் அளவோ பன்னிரண்டு. காசநோய் பரவுவதைத் தடுப்பதில் ஜன்னல் இயந்திரத்தை ஜெயித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2009இல், இயற்கைக் காற்றோட்டத்தில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் காற்று என்று சாதாரண வார்டுகளுக்கு வழிகாட்டியது. அப்படியானால் ஜன்னலைத் திறந்துவிட வேண்டியதுதானே?

அரியலூரில் அவ்வளவு சுலபமாகத் திறந்துவிட முடியாது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளும் சிமெண்ட் ஆலைகளும் சாலையோரப் புளிய மரங்களைச் சாம்பல் நிறமாக்கிவைத்திருக்கும் ஊர் அது. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் கிருமி. இந்த முரணை டெல்லியில் அச்சிட்ட விதி தீர்க்காது. ஊரை அறிந்தவன்தான் தீர்க்க வேண்டும். ஆனி ஆடியில் மேல்காற்று அடிக்கும், ஐப்பசிக்கு மேல் வாடை. லாரி போகும் சாலை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் படிக்கட்டு, பண்டகசாலை, நடைபாதை இவற்றை வைத்து முதுகைக் காட்டிவிட்டு, வார்டுகளை உள்முற்றத்தைப் பார்க்கத் திறக்கலாம். முற்றத்தில் வேம்பும் புங்கமும். நம் வீடுகள் செய்த வேலைதான் இது, புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. உடற்கூறு அறையிலும் இதே அக்கறை வேண்டும். பிணத்தைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அதன் ஆவி குனிந்து அறுப்பவர் முகத்துக்கு ஏறும் முன் மேசை மட்டத்திலேயே இழுத்து வெளியேற்ற வேண்டும். உத்தரத்தில் ஒரு மின்விசிறியைச் சுழலவிட்டால் அது விஷத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

சிமெண்ட் என்றதும் இன்னொன்று. கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் ஏழு கோடி வருடத்துக்கு முந்தைய கடலின் சிப்பிகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. அந்தக் கல்லைச் சுமார் 1450 டிகிரி சூட்டில் வேகவைத்து அரைத்தால் சிமெண்ட். 1979 முதல் அரியலூரில் இயங்கும் அரசு சிமெண்ட் ஆலையும், சுற்றிலும் உள்ள தனியார் ஆலைகளும் தமிழகத்தின் எத்தனையோ கட்டடங்களுக்கு உடம்பு கொடுத்தவை. ஊருக்கெல்லாம் கட்டடம் கொடுத்த மண்ணுக்கு ஒரு மருத்துவக் கல்லூரி வர 2022 ஆயிற்று. வந்த பிறகும், சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரியில் மேல்மாடி வார்டுக்குள் விடும். செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்த பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்துக்கடியில் படுத்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். கூரை மேல் இன்னொரு நிழல்கூரை போடுவது பெரிய செலவல்ல.

ஆஸ்பத்திரியும் கல்விச்சாலையும் ஒரே வளாகத்தில் இருப்பது நமக்குப் புதிதல்ல என்று சிலர் சோழர் காலத்துக்குப் போவார்கள். உண்மைதான். அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்டசோழபுரத்திலிருந்து ஆண்ட வீரராஜேந்திரன் காலத்தில், காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் வெட்டிய 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வேதபாடசாலையோடும் மாணவர் விடுதியோடும் சேர்ந்த பதினைந்து படுக்கை ஆதுலசாலை ஒன்றைச் சொல்கிறது. வைத்தியர், அறுவை வைத்தியர், மருந்து கொண்டுவருவோர், பணிப்பெண்கள் எல்லாரும் உண்டு. பெருமைதான். ஆனால் அந்தப் படுக்கைகள் யாருக்கு? அங்கே படித்தவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும். வளாகத்துக்குள் இருந்தவர்களுக்கான மருத்துவம் அது. வயலில் நின்றவன் கல்வெட்டிலும் இல்லை, கட்டிலிலும் இல்லை.

யார் உள்ளே என்ற கேள்வி அரியலூரில் ஒரு பெயரோடு சேர்ந்தே வரும். செந்துறை அருகே குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கினார். நீட்டுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று இறந்தார். அரியலூர் மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் பெயர் வைக்கப்படும் என 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. பெயர் வைத்தது சரி. ஆனால் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் உள்ளே வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கட்டடம் என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் படிக்கத் தனி மேசை இல்லாதவளுக்கு நூலகம் ராத்திரி முழுக்கத் திறந்திருக்குமா? அதற்கு விடுதியிலிருந்து இருட்டைக் கடந்து போக வேண்டுமா, கூரையிட்ட நடைபாதை உண்டா? இது நினைவரங்கத்தை விடச் சின்ன விஷயமல்ல.

பெரம்பலூருக்கு இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. மாநிலத்தில் அப்படி விடுபட்ட ஆறு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. எப்போதாவது அங்கே வரைபடம் போடப்பட்டால், பருத்திக் காட்டிலிருந்து தொடங்கலாம் என்பேன். மருந்தடித்து மயங்கியவனையும், அதே மருந்தைக் குடித்தவனையும் தூக்கிவரும் மாவட்டம் அது. அவர்களுக்கு முதல் சிகிச்சைகளில் ஒன்று துணியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுவது; விஷம் தோல் வழியாகவும் ஏறும், தொட்டவருக்கும் ஏறும். ஆகவே அவசரப் பிரிவின் வாசலுக்கு முன்னாலேயே, மறைப்போடு, கையால் பிடித்துக் கழுவக்கூடிய குழாய், சரிவான தரை, கழிவு தனியாகப் போக ஒரு சாக்கடை. ரத்தத்தில் விஷத்தின் அளவைச் சோதிக்கும் ஆய்வகம் அதற்குப் பத்தடியில். கல்குவாரிக்காரரின் நுரையீரலை ஊதச்சொல்லி அளக்கும் அறையும் தரைத்தளத்திலேயே, புறநோயாளி வரிசைக்கு அடுத்த கதவாக. மூச்சு வாங்குகிறவனை ஆராய்ச்சிக்காக மூன்றாம் மாடிக்கு ஏறச் சொல்லக்கூடாது.