கரிசல் நிலத்து வளைகோற்பந்து

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் மண் மழையிற் காலைப் பற்றும். கோடையிற் பாளம் பாளமாய் வெடிக்கும். அம்மண்ணிலே வேரூன்றிய ஆட்டம் ஹாக்கி எனப்படும் வளைகோற்பந்து. ஈண்டுப் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் இடம்பெற்றனர்; அவ்வணி வெண்கலப் பதக்கம் வென்றது.

பயிற்சியாளர் இளைஞர்க்கு முதற்கண் உணர்த்துவது, பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாகாது என்பதாம். ஓடும் காலினும் அடிபட்ட பந்து விரைவுடையது. பதினொருவரும் பகிர்ந்தாடின் எவர்க்கும் மூச்சு முட்டாது. ஒருவனே கொண்டோடின் அவனும் சோர்வான், அணியும் தளரும்.

இன்று அங்குச் செயற்கைப் புல்தரை அமைந்துள்ளது, வெயிலோ குறைந்தபாடில்லை! வியர்வையோடு உடலின் உப்பும் வெளியேறும். ஆதலின் தாகம் எடுக்குமுன்பே நீர் பருகுதல் வேண்டும். உப்பிட்ட மோரும் நன்று. அவ்வூர்க் கடலைமிட்டாயை ஆட்டம் முடிந்தபின் உண்ணலாம்.