எண்ணெய் எஞ்சின் திணறுவதேன்?

நெற்பயிர் கதிர் வாங்கும் பருவத்தில் நீரிறைக்கும் டீசல் எஞ்சின் திணறி நிற்குமாயின் மகசூல் குன்றும். உடனே குடியானவர்கள் எண்ணெய்ப் பம்பே பழுதென்று கருதி அதைக் கழற்ற முற்படுதல் தவறு. எண்ணெய் அழுத்தத்திற்கு எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். ஆதலின் குழாயில் சிறிது காற்றுப் புகினும் பம்பின் அழுத்தம் வீணாகி, சிலிண்டரினுள் எண்ணெய் உரிய அளவில் பாயாது.

முதலில் எஞ்சினை நிறுத்தி, தொட்டியில் எண்ணெய் உளதா, மூடியின் காற்றுத்துவாரம் திறந்துளதா என்று பார்த்தல் வேண்டும். அடைபட்ட வடிகட்டியை மாற்றுக. பின்னர் வடிகட்டியின் காற்றுப்போக்குத் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வழிந்தபின் முடுக்குக. பம்பின் திருகையும் அவ்வாறே செய்க. எண்ணெய் பீய்ச்சும் முனைக்கு நேரே கையை நீட்டலாகாது; அதன் வேகம் தோலைத் துளைத்து உட்புகும். மீண்டும் காற்றுப் புகுமாயின், குழாய் இணைப்புகளின் வாஷர்களைச் சோதித்துப் பழுதுற்றவற்றை மாற்றுதல் நலம்.