மலிவு மடிக்கணினி: விலையோடு உழைப்பையும் பாருங்கள்

குதிரைத்திறன் கேட்காமல் எந்த விவசாயியும் மோட்டார் வாங்குவதில்லை. கல்லூரி செல்லும் பிள்ளைக்கு அறுவடைப் பணத்தில் மடிக்கணினி வாங்கும்போதும் இதே கவனம் தேவை.

மிகக் குறைந்த விலைக் கணினிகள் பலவற்றில் 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பிடம் மட்டுமே இருக்கும். விண்டோஸ் 11 இயங்க இதுவே குறைந்தபட்ச அளவாகும். சேமிப்பிடத்தில் பெரும்பகுதியை விண்டோசே எடுத்துக்கொள்வதால் பாடங்களைச் சேமிக்க இடம் போதாது, வேகமும் குறையும். இவற்றில் ராமும் சேமிப்பகமும் பெரும்பாலும் உள்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்டவும் இயலாது.

எடுத்துக்காட்டாக, ரூ.18,000 கணினி 2 ஆண்டு உழைத்தால் ஆண்டுச் செலவு ரூ.9,000. ரூ.30,000 கணினி 5 ஆண்டு உழைத்தால் ரூ.6,000தான். எனவே 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உள்ளதை வாங்குவது நலம்.

பழைய கணினி வாங்குவோர் அது விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என உறுதி செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது.

தட்டச்சும் இணைய வகுப்பும் மட்டுமே தேவையெனில் மலிவுக் கணினி போதும். வானிலை, சந்தை விலை பார்ப்பதற்கு மட்டும் எனில் கையிலுள்ள கைப்பேசியே போதுமானது; கடன் வாங்கிக் கணினி வாங்க வேண்டியதில்லை.