பத்து நாள் வாய்வாளாமை

பர்மாவிற் பிறந்து 1969-இல் இந்தியா போந்த சத்திய நாராயண கோயங்கா (1924–2013) பரப்பிய விபஸ்ஸனாப் பயிற்சி, மகாராட்டிரத்து இகத்புரி முதலிய இடங்களிற் பத்து நாள் உறைந்து பயிலப்படுவது. ஆண்டு வாய்திறவாமை மாத்திரம் போதாது; கண்சாடை, கைக்குறி, எழுத்துக்குறிப்பு யாவும் விலக்கப்படும். ஆசிரியரிடத்து ஐயம் வினவலாம். இஃதொரு தண்டனை போலுமெனின், அன்று. பேசாதார்க்குப் பொய்யாமை எளிதிற் கைகூடுமென்பதே கருத்து.

ஆயினும் நா அடங்கிய துணையானே நெஞ்சம் அடங்குமோ? முன்னினும் மிகப் பிதற்றும். அதுபற்றியன்றோ முதல் மூன்று நாளும் இயல்பாய் இயங்கும் மூச்சொன்றனையே நோக்குவித்து, நான்காம் நாளில் உடலுணர்ச்சிகளை நோக்கும் முறையிற் புகுத்துவர்! பத்தாம் நாட்காலை மௌனம் நீங்கும். பயிற்சி முடிவதோ மறுநாட் காலையில். மீண்டும் உலகியற் பேச்சிடைப் புகுவார்க்கு அவ்வொரு நாளை இடைகழியாக வைத்தனர்.